மலைப் பெண்களின் ஓட்டு

டெல்லி, வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு, கல்பனா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று வகுப்பில் ஒரு கட்டுரை படித்தோம். தேர்தல்களை ஆராயும் பெரிய ஆய்விதழில் வந்தது; முந்நூறு பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். ஜவ்வாது மலைப் பெண்கள் புருஷன் சொல்லும் சின்னத்துக்கே ஓட்டுப் போடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறது. எழுதியவர், ஆறு வருடத்துக்கு முன் நம் வீட்டில் இரண்டு நாள் தங்கியவர்தான். “அவரு ஓட்டு அவருக்கு, என் ஓட்டு எனக்கு. யாருக்குப் போட்டேன்னு வூட்ல கூட சொல்ல மாட்டேன்” என்று அவரிடம் நீ சொன்னாயே. அதை விட்டுவிட்டு, “நான் சொல்றதுக்குத்தான் போடுவா” என்று அப்பா விளையாட்டாகச் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறார்.

எழுந்து இதைச் சொன்னேன். ஒரு அம்மா சொன்னதை வைத்து ஆய்வை மறுக்க முடியாது என்றார் பேராசிரியர். ஒரு அப்பா சொன்னதை வைத்து எழுதலாமா என்று கேட்டேன். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

மறுப்பு எழுதப்போகிறேன். ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வரும் பெண்களிடம், யார் சொல்லி ஓட்டுப் போடுகிறார்கள் என்று நீயே கேட்டு, போனில் பதிந்து அனுப்பு. கொஞ்சம் சாமையும் அனுப்பு. இங்கே சோறு இறங்கவில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. என் மறுப்பில் உன் பெயரை அம்சவல்லி என்றே போடலாமா? அப்பாவைக் கேட்காமல் நீயே சொல்.

கல்பனா