என் பெயருக்கு வரும் ஒரு டாலர் உறைகளும் திருப்பி அனுப்பக் கூடாத ஒரு கடிதமும்

அனுப்புநர்
மரிட் டோலஃப்சன்,
14, எல்ம் தெரு, மாடி அறை,
லிண்டன் பிரெய்ரி,
மின்னசோட்டா.

பெறுநர்
மோசடித் தடுப்பு ஆய்வாளர் அவர்கள்,
வட்டார அஞ்சல் அலுவலகம்,
மின்னசோட்டா.

பொருள்: கணினி வலையமைப்பில் சுற்றிவரும் ‘அறுபது நாளில் பணக்காரர் ஆகலாம்’ என்ற சங்கிலிக் கடிதத்தில் என் பெயர் சேர்ந்துவிட்டது – ஜூன் 1 முதல் என் தபால் முழுவதையும் திருப்பி அனுப்பும் ஆணை – அதை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ‘டோலஃப்சன் நிறுவனம்’ என்ற பெயருக்குத் தாங்கள் அனுப்பிய 12.5.1995 நாளிட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அறிவிப்பு கிடைத்தது. அது ‘டோலஃப்சன் நிறுவனத்தின் நிர்வாகிகள் அனைவருக்கும்’ என்று முகவரியிடப்பட்டிருந்தது. நிர்வாகிகள் யாரும் இல்லை, நான் ஒருத்திதான். வயது இருபத்தேழு. இவ்வூர்க் கல்லூரி நூலகத்தில், வெளியூர் நூலகங்களிலிருந்து புத்தகம் வரவழைத்துத் தரும் மேசையில் வேலை செய்கிறேன். வாடகைக்கு ஒரு மாடி அறை வைத்திருக்கிறேன். நிறுவனம் என்று சொல்லத்தக்கது அந்த அறையில் எதுவும் இல்லை.

2. ஜூன் முதல் தேதியிலிருந்து என் பெயருக்கு வரும் ஒவ்வோர் உறையும் ‘மோசடி’ என்ற முத்திரையுடன், பிரிக்கப்படாமல், அனுப்பியவருக்கே திரும்பும் என்று அறிவிப்பு சொல்கிறது. அவற்றில் ஒன்று மட்டும் திரும்பக் கூடாது. அதற்காகவே இம்மனு. என் தம்பி ஹால்வர் பெரிய ஏரிகளில் இரும்புத்தாது ஏற்றிச் செல்லும் கப்பல்களில் வேலை செய்கிறான். ஒன்றரை ஆண்டுக்கு முன் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போனான். (தவறு யார் பக்கம் என்பது இம்மனுவுக்குத் தேவையில்லை. என் பக்கம்.) சென்ற நவம்பரில் அவனிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. முழுவதையும் தருகிறேன்: “கப்பல் மாத்தறேன்க்கா. நெலையா ஒரு எடம் கெடச்சதும் விவரமா எழுதறேன். அதுவரைக்கும் நீ வீட்ட மாத்திடாத.” அவன் எழுதப்போகும் கடிதத்தில்தான் அவன் முகவரி இருக்கும். உறையின் வெளியே தன் முகவரியை எழுதும் பழக்கம் அவனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அதைத் திருப்பி அனுப்பினால் அது போய்ச் சேர ஓர் இடமும் இல்லை. என் வீட்டில் தொலைபேசி இல்லை; எனக்கு அது பிடிப்பதில்லை. நான் நூலகத்தில் சேர்ந்தது அவன் போன பிறகு என்பதால், அங்கே என்னைத் தேடவும் அவனுக்குத் தெரியாது.

3. இனி நடந்தது. கல்லூரிக் கணினியிலிருந்து வலையமைப்பில் உள்ள விவாதக் குழுக்களுக்கு எழுத முடியும் என்பது தாங்கள் அறிந்ததே. நான் ஒரே ஒரு குழுவில் இருந்தேன். மிக நீண்ட நாவல்களை வாரத்துக்கு ஓர் அத்தியாயம் வீதம் வாசித்துப் பேசும் குழு அது. முப்பத்தொரு பேர். ஏறக்குறைய ஓர் ஆண்டாக ஒரே நாவலில் இருந்தோம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை, பார்க்க விரும்பியதும் இல்லை. எனக்குத் தெரிந்த மிக நல்ல மனிதர்கள்.

4. சனவரி 17 அன்று, நாற்பத்தோராம் அத்தியாயத்தின் நடுவே, யாரோ ஒருவர் அந்தச் சங்கிலிக் கடிதத்தைப் போட்டார். அதில் ஐந்து பெயர்களும் அவர்களுடைய வீட்டு முகவரிகளும் இருந்தன. ஐவருக்கும் ஆளுக்கு ஒரு டாலர் தபாலில் அனுப்ப வேண்டும். முதல் பெயரை எடுத்துவிட்டு, கடைசியில் தன் பெயரைச் சேர்த்து, இருநூறு குழுக்களில் போட வேண்டும். அறுபது நாளில் வீட்டு வாசலில் பணம் குவியும். அனுப்பியவர் எங்கள் நாவலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் பொதுவாக யாரையும் கண்டிப்பவள் அல்ல. அன்று கண்டித்தேன்.

5. என் பிழை இங்கேதான். எங்கள் குழுவில், யாருக்குப் பதில் எழுதினாலும் அவர் எழுதியதை முழுதாக மேற்கோள் காட்டிவிட்டே எழுதுவது மரியாதை. எனவே மேலே என் கண்டனத்தை நான்கு வரியில் எழுதி, கீழே அந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் வைத்தேன். எங்கள் கல்லூரிக் கணினி மையத்தில் ஒரு விதி உண்டு: பெயர் தெரியாமல் யாரும் வலையமைப்பில் எழுதக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு செய்தியின் அடியிலும் எழுதியவரின் முழுப் பெயரும் தபால் முகவரியும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் பெயருக்கு நேர் கீழே, அதே அமைப்பில், ஆறாவதாக என் பெயர்.

6. அதைப் பார்த்த யாரோ, மேலிருந்த நான்கு வரிகளை நீக்கிவிட்டு, விதிப்படி முதல் பெயரையும் எடுத்துவிட்டு, பட்டியலை இருநூறு இடங்களில் போட்டார். பிப்ரவரி 2 அன்று முதல் உறை வந்தது. உள்ளே ஒரு டாலர், எழுதாத தாளில் பொதிந்து. அந்த வாரம் பதினேழு. அடுத்த வாரம் தொண்ணூறு. எங்கள் ஊர் அஞ்சலகக் கவுன்ட்டரில் இருக்கும் திருமதி டெல்மா குவாம், உறைகளைக் கயிற்றால் கட்டி என்னிடம் தள்ளியபடி, “ஏம்மா மரிட், கல்யாணமா உனக்கு? ஊருக்கே தெரியாம முடிச்சிட்டியா?” என்று கேட்டார். பின்னால் வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். இல்லை என்றேன். அறுவருக்கும் நம்பிக்கை வரவில்லை.

7. கணினி மைய மேலாளரிடம் சென்று என் முகவரியை எடுத்துவிடுமாறு கேட்டேன். அவர், “விதி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. முகவரிய எடுக்கணும்னா ஒங்க கணக்கையே எடுக்கணும். பேசாம ஒரு மறுப்பு போட்டுடுங்க, தீந்துது” என்றார். போட்டேன். அந்த மறுப்பின் அடியிலும் என் முகவரி ஒட்டிக்கொண்டது. மறுப்பை யாரும் படிக்கவில்லை போலும். முகவரியை எல்லாரும் படித்தார்கள். மேலும் மூன்று மறுப்புகள் போட்டேன். இதன் விளைவாக, இன்று சுற்றிவரும் சில பட்டியல்களில் ஐந்து பெயர்களுமே நான்தான். அவற்றை நம்புபவர்கள் எனக்கு ஐந்து தனித்தனி உறைகளில் ஐந்து டாலர் அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றிலும் தனியாக வாழ்த்து எழுதியவர்களும் உண்டு.

8. இது என் பணம் அல்ல. ஆகவே, வந்த ஒவ்வொரு டாலரையும் திருப்பி அனுப்புவதென்று முடிவு செய்தேன். முப்பத்திரண்டு சென்ட் தபால்தலை ஒட்டி, கைப்பட ஒரு குறிப்பும் வைத்தேன்: “இத்திட்டம் சட்டத்துக்குப் புறம்பானது. இதில் யாருக்கும் பணம் வராது. தங்கள் டாலரை இத்துடன் திருப்பியுள்ளேன்.” ஒரே நாளில் முந்நூறு தபால்தலை கேட்டபோது திருமதி குவாம், “இவ்ளோ ஸ்டாம்பா? தேர்தல்ல எதுனா நிக்கிறியா?” என்றார். ஏப்ரல் 20 வரை 1,116 டாலர்களைத் திருப்பினேன். தபால்தலைக்கு மட்டும் 357 டாலர் 12 சென்ட் செலவாயிற்று. என் குளிர்கால மேலங்கிக்கு வைத்திருந்த தொகை அது. நான் சரியானதைச் செய்வதாகவே நினைத்தேன்.

9. ஐயா, இப்படியொரு விளைவை நான் வாசித்த எந்த நூலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இதுவரை அத்திட்டத்தில் பணம் அனுப்பிய எவருக்கும் பணம் வந்ததில்லை. இப்போது வரத் தொடங்கியது. துல்சாவில் பல் மருத்துவராக இருக்கும் ஆர்லோ பின்க்லி என்பவர் வலையமைப்பில் எழுதினார்: “நாலு பேருக்கு அனுப்புனேன், ஒருத்தன் மூச்சு விடல. அஞ்சாவது ஆளு ஒரே வாரத்துல டாலர் அனுப்பிட்டாங்கய்யா! கைப்பட லெட்டர் வேற. யாரு இந்தக் காலத்துல கைப்பட எழுதறான்? இது நெஜம்தான், சந்தேகமே வேணாம்.” என் குறிப்பு எச்சரிக்கையாக எழுதப்பட்டது என்பதை ஒருவர் சுட்டிக்காட்டியபோது, அவரே, “அது ஒரு சோதனைங்க. பயந்தவன் ஓடிடுவான், நம்பினவன் நிப்பான்” என்று விளக்கினார். பலர் அவருக்கு நன்றி சொன்னார்கள்.

10. அதன் பின் என் பெயரைப் பட்டியலின் மேலிருந்து யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் ராசி போய்விடும் என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. வயோமிங்கிலிருந்து ஓர் அம்மையார் எழுதினார்: “எங்க வீட்டுக்காரர் நம்பவே இல்ல. நீங்க அனுப்புன டாலர ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கேன். வரும்போதும் போகும்போதும் பாக்கட்டும் அந்தாளு.” தங்கள் துறையைச் சேர்ந்த ஒருவரும் எனக்கு ஒரு டாலர் அனுப்பினார். அவர் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. அந்தக் கவுன்ட்டரில் இருப்பவர் ஒருவர்தான் என்பதால் இதைச் சொல்வதற்கே தயங்குகிறேன். அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். “சும்மா பாத்தேன்மா, வருதா வரலையான்னு” என்றார். வந்துவிட்டது. அவர்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். இந்த நான்கு மாதத்தில் என்னை ‘நிறுவனம்’ என்று அழைக்காத ஒரே அதிகாரி அவர்.

11. ஏப்ரல் 20க்குப் பிறகு தபால்தலைக்கு என்னிடம் பணம் இல்லை. வந்த டாலரிலிருந்து எடுத்தால் அது பிறர் பணத்தைச் செலவழித்ததாகும். நிறுத்திவிட்டேன். அறிவிப்பில் தாங்கள் குறிப்பிட்டுள்ள நாற்பத்துமூன்று புகார்களின் தேதிகளைக் கவனிக்க வேண்டுகிறேன்: எல்லாமே ஏப்ரல் 27க்குப் பின் வந்தவை. பணத்தை அனுப்பி ஏமாந்ததாக அவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. பணம் திரும்பி வருவது நின்றுபோனதையே சொல்கின்றன. எனக்கும் அப்படி ஒன்று நேராக வந்தது: “மொதல்லல்லாம் எவ்ளோ ஒழுங்கா நடத்துனீங்க. இப்ப என்ன, பெரிய ஆளாயிட்டீங்களா?” என் நேர்மையை ஒரு தொழிலாக எடுத்துக்கொண்டு, அது நொடித்துவிட்டதாகத் தங்களிடம் முறையிட்டிருக்கிறார்கள். இதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் அதன் அடியிலும் என் முகவரி இருக்கும்.

12. இதுவரை வந்தவை 1,743 உறைகள். திருப்பாத 627 டாலர்கள் ஒரு மாவு டப்பாவில் உள்ளன. பிரித்த உறைகள் நான்கு பெட்டிகளில், வந்த வரிசைப்படி வைக்கப்பட்டுள்ளன; அனுப்பியவர் பெயர்களுக்கு அகர வரிசையில் தனி அட்டைகளும் உண்டு. இது நூலகப் பழக்கம். திட்டமிட்ட மோசடிக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். டப்பாவையும் பெட்டிகளையும் தாங்கள் அனுப்பும் எவரிடமும் ஒப்படைக்கத் தயாராக உள்ளேன். கல்லூரிக் கணினிக் கணக்கை நானே மூடிவிட்டேன். நாவல் குழுவில் இப்போது ஐம்பத்தெட்டாம் அத்தியாயம் நடக்கும்.

13. வேறு வழிகளையும் யோசித்தேன். திருமதி குவாம், “பேர மாத்திக்கோ, இல்ல ஊர மாத்திக்கோ. ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டா பேரு தானா மாறிடும், செலவும் கம்மி” என்று அக்கறையோடு சொன்னார். இரண்டும் முடியாது. மரிட் டோலஃப்சன், 14, எல்ம் தெரு: என் தம்பிக்கு இந்த உலகத்தில் தெரிந்த முகவரி இது ஒன்றுதான். அதை மாற்றாதே என்று கேட்டிருக்கிறான். அவன் என்னிடம் கேட்டவற்றுள் நான் உடனே சரியென்று சொன்னது இந்த ஒன்றுக்குத்தான், அதையும் அவனிடம் சொல்ல முடியவில்லை.

14. ஆகவே ஆணையை அடியோடு நீக்கக் கோரவில்லை. டாலர் உறைகளைத் தாராளமாகத் திருப்புங்கள். அரசுச் செலவில் திரும்புவது எனக்கு ஆறுதல். ஆனால் என் பெயருக்கு வரும் தபாலை எங்கள் ஊர் அஞ்சலகத்திலேயே நிறுத்தி, நாள்தோறும் ஓர் அலுவலர் முன்னிலையில் நான் பிரித்துப் பார்க்க அனுமதி தர வேண்டும். நூலகம் ஐந்து மணிக்கு மூடும். ஐந்தேகால் மணிக்கு அங்கே இருப்பேன். ஒரு நாளும் தவற மாட்டேன். எத்தனை மாதமானாலும்.

15. நான் வர இயலாத நாளில், பிரிக்கும் அலுவலர் எப்படி அடையாளம் காண்பார் என்று தாங்கள் கேட்கக் கூடும். கடினமில்லை. மற்ற எல்லா உறைகளிலும் ஒரு டாலர் இருக்கும். ஹால்வரின் உறையில் இருக்காது. அவன் முதல் பத்தியில் வானிலையைப் பற்றி எழுதுவான், இரண்டாம் பத்தியில் வெட்கத்தோடு கொஞ்சம் பணம் கேட்பான். இந்த நாடெங்கும் எனக்குப் பணம் அனுப்ப ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் கேட்க அவன் ஒருவன்தான். அப்படி ஒரு கடிதம் வந்தால், அதை மட்டும் மோசடி என்று கருதிவிடாமல் என் கையில் சேர்ப்பிக்குமாறு பணிந்து வேண்டுகிறேன். அவன் கேட்டதை என் சம்பளத்திலிருந்து அன்றே அனுப்பிவிடுவேன்.

நாள்: 19.5.1995
இடம்: லிண்டன் பிரெய்ரி

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மரிட் டோலஃப்சன்