பவுடருக்கு ஓர் இடம்

செப்டெம்பர் 9, செவ்வாய்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. கூடுகளுக்குள் எல்லாம் மண். விடியக் கழுவியதையே மறுபடி கழுவினேன்.

நேற்று எங்கள் தெருநாய் நிலையத்து ரமீஸ் வான் வண்டியில் ஏற்றிவந்த பெட்டை நாயை இன்றுதான் ஆறுதலாகப் பார்க்க முடிந்தது. மீன் சந்தைக்குப் பின்னால் பிடித்ததாம். "கிட்டப் போற மட்டும் படுத்தே கிடந்திச்சு விமலாக்கா. செத்திட்டோ எண்டு நினைச்சன்." அவன் ஓட்டுகிற வானுக்குள் நாய்கள் கத்துவதுதான் வழக்கம். இவள் நித்திரையாம்.

முழு வெள்ளை. ஒரு கண் நீலம். பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழும்பியது போல. பெயரும் பவுடர்.

பல்லைப் பார்த்தால் வயது மூன்று இருக்கும். மெலிவு. ஈறு வெளிறல், உண்ணிக் காய்ச்சலோ தெரியாது, இரத்தம் எடுத்தாயிற்று. காதோரம் கொத்தாக உண்ணி. பின்கால் ஒன்று எப்போதோ முறிந்து கோணலாகப் பொருந்தியிருக்கிறது. விசர்நாய்த் தடுப்பூசி போட்டேன், திரும்பி என் கையை நக்கினாள்.

சாப்பாட்டுக் கோப்பைக்குள் கை விட்டேன். உறுமல் இல்லை. பக்கத்தில் வேறு நாய், பரவாயில்லை. புது ஆள், வாலாட்டல். சீனன்குடாத் தளத்து விமானம் ஒன்று கூரைக்கு மேலால் தாழப் பறந்தது. நாய்கள் எல்லாம் ஒரே குரைப்பு, பக்கத்துக் கூட்டுக் கறுவல் வழக்கம்போல் கம்பியைக் கடித்துக்கொண்டு. பவுடர் தலையைத் தூக்கவில்லை. 'அமைதியான சுபாவம். சத்தத்துக்குப் பயமில்லை' என்று எழுதினேன். இப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். உடனே வீடு கிடைக்கும்.

மதியம் பருப்பும் வாழைக்காயும். உப்புப் போட மறந்துபோனேன்.

செப்டெம்பர் 12, வெள்ளி

வெயில். தண்ணீர்த் தாங்கி பாதிதான்.

பாலையூற்றிலிருந்து நிரோஷா என்றொரு பிள்ளை, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் கட்டாரில் வேலை. வீட்டில் தாயும் மகளும் மட்டும். நாய் வேண்டுமாம். மகள் அபி, இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் தொடங்கியவள். பவுடரின் கூட்டுக்கு முன்னால் போய்க் குந்தினாள். திறந்துவிட்டேன். பவுடர் வந்து அவளுடைய பாதத்தின் மேல் நாடியை வைத்துப் படுத்துவிட்டாள். அபி காலை அசைக்காமல் அப்படியே. கால் விறைத்துப்போயிருக்கும்.

"அம்மா, இது என்னைத் தெரிஞ்செடுத்திட்டுது."

கருத்தடை முடிய வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நிலையத்தை நடத்துகிற சுபத்திரா அக்கா இன்று சிரித்தார். மாதக்கணக்கில் பார்க்காத சிரிப்பு.

செப்டெம்பர் 15, திங்கள்

கடி வாங்கப் பார்த்தேன்.

சாக்கு மாற்றப் போனேன். பவுடர் சுவர்ப்பக்கம் பார்த்து நித்திரை. பெயர் சொல்லிக்கொண்டே போய் முதுகைத் தொட்டேன். துள்ளித் திரும்பிச் சட்டைக் கையைக் கவ்வினாள். துணிதான் கிழிந்தது. என்னைக் கண்டதும் விட்டுவிட்டாள். மூலைக்குள் போய் ஒடுங்கி, மூத்திரம் போய்விட்டது அவளுக்கு.

பிறகு பின்னால் நின்று கூப்பிட்டேன். கை தட்டினேன். விசிலடித்தேன். தகரத் தட்டைச் சீமெந்தில் போட்டதும் திரும்பினாள். அப்பாடா என்று இருந்தது. அதே தட்டைச் சாக்கின் மேல் போட்டேன். திரும்பவில்லை. நிலம் அதிர்ந்ததுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

விமானத்துக்குப் பயமில்லாத நாய் என்றல்லவா எழுதிவைத்தேன். எவ்வளவு சந்தோஷமாக எழுதினேன்.

செப்டெம்பர் 17, புதன்

டொக்டர் வரும் நாள். கருத்தடை நல்லபடி. உண்ணிக் காய்ச்சல்தான், குளிசை எழுதினார். காதுகளைப் பார்த்தார். உள்ளே சுத்தம், புண் இல்லை, சீழ் இல்லை. புண் இருந்திருந்தால் நல்லது, மருந்து விடலாம்.

"பிறவி இது. வெள்ளை நாய்களுக்கு வாறதுதான். மருந்து இல்லை."

"ரெண்டு காதுமா டொக்டர்?"

"ரெண்டும்."

கை கழுவிவிட்டு அடுத்த நாயைக் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, இன்னும் ஆறு இருந்தன.

செப்டெம்பர் 18, வியாழன்

ஒரு தடியில் பழைய கையுறையைக் கட்டி, பவுடர் தூங்கும்போது மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். மூன்று தரம் தொட்டேன். மூன்று தரமும் கடி. விழித்திருந்தால் ஒன்றும் இல்லை, அதே கையுறையை நக்குகிறாள். அபியின் கை அந்தக் கையுறையிலும் சின்னது.

சுபத்திரா அக்காவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நாய்களுக்கல்ல, எங்களுக்கு.

"நிரோஷாட்ட சொல்ல வேண்டாம்."

"அக்கா, சின்னப் பிள்ளை இருக்கிற வீடு."

"ஓம். தெரியும். அங்க போய்ப் பழகினா அவையே விடமாட்டினம். இங்க இருந்தா என்ன நடக்கும் எண்டு உமக்கே தெரியும்."

தெரியும். மாதக் கடைசியில் நாய்களின் அடுத்த தொகுதி வருகிறது. வீடு கிடைக்காததைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடவேண்டும். அதுதான் நகரசபையோடு பேச்சு. காது கேட்கிற நாய்க்கு அது பெரிய அநியாயம் இல்லை.

"அப்ப நீர் ஒரு வழி சொல்லும் விமலா." கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

செப்டெம்பர் 19, வெள்ளி

வேலை முடிய பஸ்ஸில் பாலையூற்றுக்குப் போனேன். சொல்லாமல் விடலாமா என்று வழி முழுக்க யோசனை. இறங்கும் இடத்தையும் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தேன்.

வாசலில் புதுச் சாக்கு மடித்துப் போட்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் கோப்பை, அதில் சோக்கால் 'பவுடர்'.

சொன்னேன். நிரோஷா குசினிப் பக்கம் கூட்டிப்போய்ப் பின்கதவைக் காட்டினாள். தாழ்ப்பாளுக்குக் கிட்டப் பலகை பிளந்திருந்தது.

"இவர் போய் ரெண்டு கிழமையில தொடங்கினது மிஸ். ஆரெண்டு தெரியாது. இரவில வந்து கதவை ஆட்டிப் பாக்கிறது, பிறகு போறது. பொலிசுக்கும் சொன்னனான். அதுதான் நாய் தேடினது. எனக்குக் கேக்கிற நாய்தான் வேணும். என்னைக் கல்நெஞ்சுக்காரி எண்டு நினைச்சிடாதீங்கோ."

நினைக்கவில்லை. அவளுடைய இடத்தில் நானும் அதைத்தான் சொல்வேன்.

அபி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். "கேக்காட்டி என்ன? நான் முன்னால போய் நிண்டு கையால காட்டுவன்." எப்படி என்றும் காட்டினாள். வா. இரு. சாப்பிடு. தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தேத்தண்ணி தந்தார்கள். முழுதும் குடிக்க ஏலவில்லை.

செப்டெம்பர் 21, ஞாயிறு

லீவு. உடுப்புத் தோய்த்தேன். மத்தியானச் சாப்பாட்டின்போது பெரியக்காவின் புருஷன், அத்தானிடம் கேட்டேன். பவுடருக்குப் பின்வளவில் ஒரு மூலை, கட்டியே வைப்பேன், உங்களுக்குக் கரைச்சல் வராது என்று. பெரியக்கா கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அத்தான் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. "உமக்கு ஆசையெண்டா உம்மட வீட்டில வையும் விமலா. நான் மறிக்கேல்லை."

என்னுடைய வீடு. நாற்பத்திரண்டு வயதில் எனக்கு அவர்கள் வீட்டில் ஓர் அறை, ஓர் அலுமாரி. அவர் குத்திக் காட்டவும் இல்லை. நடப்பதைச் சொன்னார்.

பெரியக்கா பின்னேரம் வந்து என் கட்டிலில் இருந்தாள். ஏதோ சொல்ல வந்தவள், தலையணை உறை மாற்றிவிட்டுப் போனாள்.

செப்டெம்பர் 23, செவ்வாய்

நிரோஷா வந்து கறுவலைக் கூட்டிப்போனாள். காது கிழிந்த, எல்லாவற்றுக்கும் குரைக்கிற கறுவல். இந்தத் தொகுதியில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காதவன். முச்சக்கர வண்டிக்குள் ஏறியும் குரைத்துக்கொண்டே போனான். நிரோஷாவின் முகத்தில் நிம்மதி. அது நல்ல விஷயம்தான். அபி வரவில்லை. காய்ச்சல் என்றாள் தாய்.

பவுடருக்காக எடுத்த அழைப்புகள்: நிலாவெளி ஹோட்டல்காரர், காவலுக்குச் சரிவராது. கிண்ணியாவில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர், ரமீஸின் சொந்தம், வேண்டாம். இலங்கைத்துறை ஆள் ஒருவர் ஓம் என்றார், பின்னேரம் திரும்ப போன் எடுத்து மனைவி விரும்பவில்லை என்றார். கொழும்பில் ஒரு நிலையம், இடமில்லை, படம் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். படத்தில் அழகாகத்தான் இருக்கிறாள்.

செப்டெம்பர் 26, வெள்ளி

இன்று கொண்டுபோய் விட்டோம்.

தையல் ஆறிவிட்டது. எடை கூடியிருக்கிறது. ஈறு சிவப்பு. வந்த நாளைவிட எவ்வளவோ நல்லாய் இருக்கிறாள். நானும் வானில் போனேன். ரமீஸ் சந்தைக்குப் பின்பக்கம் லொறிகள் நிற்காத இடமாகப் பார்த்து நிறுத்தினான். அப்படி ஓர் இடம் அங்கே இல்லை, இருந்தாலும் பார்த்தான். கதவைத் திறந்ததும் இறங்கி நிலத்தை மோந்து பார்த்தாள். மீன் கழிவு கிடந்த பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்து அடித்து, கடைசியில் அதுதான் விலகிப் போனது.

"இவ்வளவு நாளும் இங்கதானே சீவிச்சது, அல்லாஹ் பாப்பான்" என்றான் ரமீஸ். சொல்லிவிட்டு உடனே வானை எடுக்கவில்லை.

செப்டெம்பர் 29, திங்கள்

மதிய இடைவேளையில் சந்தைக்குப் போனேன். நல்ல வெயில். ஐஸ் லொறி ஒன்றுக்குக் கீழே, பின்சில்லு டயரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். நிழல் அங்கேதான். சாரதி ஏறிவிட்டார், இயந்திரமும் உறுமுகிறது. நிலம் அதிர்கிறதே, எழும்புவாள் என்று பார்த்தேன். அங்கே நிலம் எந்நேரமும்தான் அதிர்கிறது.

"அண்ணை, எடுக்காதீங்கோ, நாய் கிடக்கு."

"அது எழும்பும் தங்கச்சி. ஹோர்ன் அடிக்கிறன்."

"அதுக்குக் காது கேளாது."

அவர் என்னைப் பார்த்த பார்வை. இயந்திரத்தை நிறுத்தினார், நல்ல மனிதர். நான் கீழே குனிந்து கையை நீட்டித் தொட்டேன். கையுறையும் இல்லை, தடியும் இல்லை. என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டேதான் தொட்டேன்.

உள்ளங்கையில் மூன்று பல். கடித்துவிட்டு ஓடினாள். யாரைக் கடித்தாள் என்று திரும்பிப் பார்த்திருப்பாளோ தெரியாது.

குழாயில் சவர்க்காரம் போட்டுக் கனநேரம் கழுவினேன். ஆஸ்பத்திரியில் உள்ளதைச் சொன்னேன்: தடுப்பூசி போட்ட நாய், நானும் முன்பே போட்டவள். ஊசி ஒன்று போட்டார்கள். நாய்க்கு விசர் அறிகுறி வருகிறதா என்று பத்து நாள் பார்க்கச் சொன்னார்கள்.

நிலையத்தில் சுபத்திரா அக்கா கட்டுப்போட்ட கையைக் கண்டு கேட்டார். "கையில என்ன?"

"கூட்டுத் தகரம் கிழிச்சிட்டுது."

சந்தையில் கடிக்கிற நாய் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் அவளை உயிரோடு விடமாட்டார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டில் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தவள், இன்று இதைச் சொன்னேன். அக்கா தகரத்தைத் தேடிப் பார்க்கவில்லை. மஞ்சள் பூசச் சொன்னார்.

செப்டெம்பர் 30, செவ்வாய்

கை வீக்கம். இடது கையால் கூடு கழுவினேன். புது நாய்கள் ஒன்பது வந்தன. பவுடரின் கூட்டில் இரண்டு குட்டிகள்.

மதியம் சந்தைக்குப் போனேன். இருக்கிறாள். வாய் நீர் வடியவில்லை, தண்ணீர் குடித்திருக்கிறாள், மூக்கு ஈரம். வேறொரு லொறிக்குக் கீழே, முன்சில்லுக்குப் பக்கத்தில், நித்திரை. தொட்டு எழுப்பினால் மறுபடி கடி, கடைச் சனம் முழுக்கப் பார்க்கும். சாரதி யாரென்று தெரியவில்லை. தேத்தண்ணிக் கடையில் கேட்டேன், சாப்பிடப் போயிருப்பார், இப்ப வருவார் என்றார்கள். காத்திருந்தேன். ஆள் வரவில்லை. புது நாய்களுக்கு ஊசி போட டொக்டர் ஒரு மணிக்கு வருகிறார், நான்தான் பிடித்துக் கொடுக்கவேண்டும். கடைக்காரரிடம் சொன்னேன், ஆள் வந்தால் கீழே பார்க்கச் சொல்லுங்கள், ஹோர்ன் அடித்தால் எழும்பாது என்று. ஓம் ஓம் என்றார், வேறொருவருக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டே. பஸ் வந்துவிட்டது, ஏறினேன்.