கயிற்றின் மேல்முனை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். எல்லோரும் என்றால் நானும் தையல் மெஷினும். மெஷின் நலம்.

உன் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட, கை வைத்த இடம் தெரியாத கலங்கல் தண்ணீரில் இறங்குகிறாய். இடுப்பில் ஒரு கயிறு. மேலே நிற்பவர் ஒரு தடவை இழுத்தால் 'நல்லா இருக்கியா', நீ ஒரு தடவை இழுத்தால் 'நல்லா இருக்கேன்'. எனக்குத் தைரியம் வரட்டும் என்று இதையெல்லாம் விளக்கி எழுதினாய். இருந்த தைரியமும் போயிற்று.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் கிழிசல் தைக்கும்போதெல்லாம் ஆண்டவனைக் கூப்பிடுகிறேன். "அவனைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, அடுத்த விரிப்பை எடுப்பதற்குள் மறுபடி சொல்கிறேன். அவருக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கிற மாதிரி. நேற்று நினைவில்லாமல் ஒரு தலையணை உறையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். தலையணையை எந்த வழியாக அனுப்புவது என்று மேற்பார்வை அம்மா கேட்டார்.

வேலையை மாற்றிக்கொள் என்று கேட்கப்போவதில்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கடிதத்தின் அடியில் நீ போடும் அந்த ஒற்றைக் கோட்டை மட்டும் மறந்துவிடாதே. எனக்கு அதுதான் உன் பதில் இழுப்பு.

உன் அக்கா
|

மார்ச் 15

அக்காவுக்கு,

இந்தத் தடவை கோட்டுக்கு வேலை இல்லை. என்னைத் தண்ணீரில் இறங்க விடாமல் நிறுத்திவிட்டார்கள்.

யாரோ பெயர் போடாமல் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்கள். எனக்கு வலிப்பு வருகிறதாம், நான் மறைக்கிறேனாம். டாக்டர் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் எழுத்தில் வந்ததை ஒதுக்க முடியாதாம். எழுதியவரே முன்வந்து அது பொய் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் முப்பதுக்குள் வராவிட்டால் உரிமம் போய்விடும். பிறகு எந்தத் துறைமுகத்திலும் எனக்கு வேலை கிடைக்காது.

என்னோடு இறங்கும் மொட்டைமேல்தான் சந்தேகம். இறங்குகிறவர்களில் முதல் ஆள் நான், அந்த இடத்தின்மேல் அவனுக்கு ஒரு கண் உண்டு. எல்லார் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. பதினொரு வருஷம் பழகிய வேலை அக்கா. எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

தம்பி

மார்ச் 22

தம்பி,

அது மொட்டை இல்லை. நான்தான்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அழுவேன், நீ கத்துவாய், விஷயம் நடுவழியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். மூன்று வயதில் காய்ச்சலோடு உனக்கு ஒரே ஒரு தடவை வலிப்பு வந்தது. அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நான்தான் ஓடினேன். நீ வளர்ந்தால் இது வராது என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். அதைப் போன மாதம் வந்ததுபோல எழுதினேன்.

உன்னை ஆண்டவன் கையில் கொடுத்துவிட்டேன் என்று அன்று காலையில் சொன்னேன். மத்தியானம் அவர் கையிலிருந்து பிடுங்கித் தபாலில் போட்டேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் உன்னை நிறுத்திவிட்டார்கள் என்று கடிதம் வந்ததிலிருந்து நன்றாகச் சாப்பிட்டேன், அதையும் மறைக்க மாட்டேன்.

மொட்டையிடம் மன்னிப்புக் கேள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, தரையில் நின்று திட்டு. அந்த மறுப்புக் காகிதத்தை மட்டும் கேட்காதே. உன்னைத் தண்ணீருக்குள் அனுப்பும் காகிதத்தில் கையெழுத்துப் போட என்னால் ஆகாது.

அக்கா

ஏப்ரல் 9

தம்பி,

பதில் இல்லை. நீ தரையில்தான் இருக்கிறாய், எனக்குத் தெரியும். ஆனாலும் பயம் போகவில்லை. நீ இறங்காவிட்டால் நிம்மதி வரும் என்று நினைத்தேனே, அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இப்போது லாரியை நினைத்துப் பயப்படுகிறேன். படிக்கட்டை நினைத்துப் பயப்படுகிறேன். திட்டியாவது ஒரு வரி எழுதேன்.

அக்கா

ஏப்ரல் 18

அக்காவுக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

என்னை இப்போது துறைமுக மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள், கயிறு பிடிக்க. கீழே போவது மொட்டை. மன்னிப்புக் கேட்டேன், சட்டைப் பொத்தான் ஒன்று பாக்கி என்றான். அன்றைக்கு அவன் இறங்கிக் கொஞ்ச நேரம் கழித்து ஒரு தடவை இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி இழுத்தேன். இல்லை. இறங்கக் கை கால் துடிக்கிறது, எனக்கு அனுமதி இல்லை. மாற்று ஆள் உடுப்பு மாட்ட ஏழு நிமிடம். அதுவரை பலமாக இழுத்தால், கயிறு எங்காவது மாட்டியிருந்தால் மேலிருந்து அவனுக்குக் காற்று போகும் குழாய் அறுந்துவிடும். கையை விட்டாலும் அவனைக் கண்டுபிடிக்க வழி இல்லை. இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது.

நான் சாமி கும்பிட்டுப் பல வருஷம் ஆயிற்று, உனக்கே தெரியும். அன்று வாய்விட்டே சொன்னேன்: "அங்க நான் இல்ல. நீதான் இருக்க."

ஐந்தாவது நிமிடம் கயிறு ஒரு தடவை அசைந்தது. கப்பலைத் தள்ளும் விசிறியின் தகட்டில் கயிறு மாட்டியிருந்ததாம், அவனே விடுவித்துக்கொண்டான். மேலே வந்ததும் டீ கேட்டான். நான்தான் இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கீழே இருப்பவனுக்கு வேலை இருக்கிறது அக்கா. பயமெல்லாம் மேலே நிற்பவருக்குத்தான். நீ பதினொரு வருஷமாக நிற்கும் இடம் அது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தை நான் கேட்கப்போவதில்லை. முப்பது என்பது கடைசித் தேதி. நீ இழுத்துப் பிடித்தால் எது அறும் என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

தம்பி

ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

இதோடு இருப்பது அந்தக் காகிதம். நான் எழுதியது பொய், உனக்கு ஒரு நோயும் கிடையாது என்று என் பெயர், விலாசம் எல்லாம் போட்டு எழுதியிருக்கிறேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், இருபத்தெட்டுக்குள் வந்துவிடும் என்றார்கள். மூன்று தாள் கிழித்தேன். நாலாவதையும் கிழிக்கப் போனேன், மேற்பார்வை அம்மா பிடுங்கி உறையில் போட்டுவிட்டார்.

போட்டு முடித்ததும் மனம் லேசாகும் என்று நினைத்தேன். இல்லையடா. பயம் அப்படியேதான் இருக்கிறது. இது போகாது போலிருக்கிறது, இதோடுதான் நான் அவரை நம்ப வேண்டும். இன்று காலை "அவனைப் பாத்துக்கோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தேன்.

கையெழுத்து கோணலாக இருக்கும். யாராவது கேட்டால் அது என் கையெழுத்துதான் என்று சொல்.

மேலே இருந்து ஒரு இழுப்பு அனுப்பியிருக்கிறேன். பதில் மெதுவாக வரட்டும்.

உன் அக்கா
|