நாற்பதாம் பக்கம்

செப்டம்பர் 24, 1956
ஸ்கூல் இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒரு புத்தகம் கொடுத்தனுப்பியிருக்கிறார். மாறுதல் காலத்தில் ஊழியர்களை நடத்துவது எப்படி என்று இங்கிலீஷில் கனமான புத்தகம். தலைமையாசிரியைகள் கட்டாயம் வாசிக்கவேண்டுமாம். நவம்பர் முதல் தேதி பூதப்பாண்டியும் எங்கள் பள்ளியும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தில் சேர்கின்றன. நாற்பது பக்கம் வாசித்தேன். செய்தியைத் தலைமையில் இருப்பவர் தாமே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லவேண்டுமாம். ஒருவருக்கு மட்டும் முன்கூட்டித் தெரியக்கூடாது. நியாயம்தான்.

அக்டோபர் 8
அப்படியே செய்தேன். திருவனந்தபுரத்திலிருந்து வந்த மலையாளச் சுற்றறிக்கையை வடசேரியில் ஒருவரிடம் கொடுத்துத் தமிழாக்கி, கூட்டத்தில் நானே வாசித்தேன். கைதட்டினார்கள். “இனி மலையாளத்துக்கு லீவுதான் மக்கா!” என்றாள் சொர்ணம்மாள் டீச்சர். மலையாளம் டீச்சர் ஓமனா மட்டும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 10
ஓமனா கேரளத்துக்கு மாற்றல் கேட்டு விருப்ப மனு தந்துவிட்டாள். பதினாலு வருஷம் இங்கே இருந்தவள். மகள் இங்கேதான் படிக்கிறாள். “உன் வேலைக்கு ஒன்றும் வராது, கணக்கும் நீதானே எடுக்கிறாய்” என்றேன்.
“வேலைக்காக இல்ல டீச்சர்.”
பின் எதற்கு? மனுவைப் புத்தகத்தில், வாசித்து நிறுத்திய நாற்பதாம் பக்கத்தில் அடையாளமாக வைத்தேன். நவம்பர் பத்துக்குள் அனுப்பவேண்டும்.

அக்டோபர் 22
அறை பெருக்க வந்த ஆயா அன்னக்கிளி சொன்னாள்: “சர்க்கார் கடலாசு வந்தா ஓமனா டீச்சர்தான வாசிப்பாவ. அத நீங்க பிடுங்கிட்டியளே.”
பிடுங்கினேனா? ஆமாம். எங்கள் யாருக்கும் மலையாள எழுத்து ஓடாது. ஒவ்வொரு சுற்றறிக்கையையும் அவள்தான் எழுந்து நின்று வாசித்து, தமிழில் சொல்வாள். பதினாலு வருஷம். அந்தக் கடைசிக் கடலாசை நான் வெளியாளிடம் கொடுத்தேன். என்ன புத்தி எனக்கு! புத்தகத்தைக் குறை சொல்லி என்ன, அதற்கு ஓமனாவைத் தெரியுமா? எனக்கல்லவா தெரியும்.

அக்டோபர் 23
அதுதானா என்று ஓமனாவிடமே கேட்டேன். “தப்பு என்னுடையது” என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனுவைத் திருப்பிக் கேட்கவில்லை.

நவம்பர் 1
கொடியேற்றம். மிட்டாய். ஓமனாவும் வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் 7
சென்னையிலிருந்து முதல் சுற்றறிக்கை. இங்கிலீஷ். உறையைப் பிரிக்காமல் கூட்டத்தில் ஓமனாவிடம் நீட்டினேன்.
பிரித்துப் பார்த்தாள். “இது எல்லாருக்கும் வாசிக்கத் தெரியுமே டீச்சர்?”
“தெரியும். நீ சொன்னால்தான் எங்களுக்குப் புரியும்.”
சொர்ணம்மாள் விடவில்லை: “மெட்ராஸ்காரன் சொன்னாலும் ஒன் வாய் வழியாத்தான் வரணும். எந்திரிட்டி!”
சிரித்தார்கள். ஓமனா எழுந்து, கண்ணாடியை மாட்டி, வாசித்து, தமிழில் சொன்னாள். சாயங்காலம் என் அறைக்கு வந்து கையை நீட்டினாள்.

நவம்பர் 10
புத்தகத்தைத் திருப்பி அனுப்பினேன். எதுவரை வாசித்தேன் என்று இனி தெரியாது. அடையாளத்துக்கு வைத்திருந்த தாளை ஓமனா அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டாள்.