மாப்பிள்ளை லோரிக்கு ஒரு பித்தளை வலை

லிங்கி தோட்டம்,
வைகாசி, 1943

அன்பு மகள் நீலாவதிக்கு அம்மா மயிலம்மாள் எழுதிக்கொண்டது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் மரவள்ளிக்கிழங்கு தின்று திடமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை மணியமும் கூலிம் தோட்டத்தில் அதேபோல, முடிந்தால் கொஞ்சம் சோற்றோடு, சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். தபாலில் போட்டால் யாராவது திறந்து படிப்பார்கள் என்ற பயத்தில், தம்பின் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்க்கிற பெர்னார்ட் வடக்கே போகிறார் என்று தெரிந்ததும் அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே சுருட்டி வைத்திருக்கிற பித்தளை வலையைப் பார்த்து, அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா, அரிசி இல்லாத காலத்தில் சல்லடை அனுப்பியிருக்கிறாளே என்று சிரிக்காதே. அது மாப்பிள்ளையின் லோரிக்கு. எதற்கு என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெட்ரோல் இல்லாமல் போனதிலிருந்து நம் லோரியும் மாப்பிள்ளையின் லோரியைப் போலப் பக்கத்தில் ஒரு இரும்புப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில்தான் ஓடுகிறது. லோரி ஷெட்டின் தகரக் கூரையை ஜப்பான் பட்டாளத்துக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் லோரி நிற்பது ரப்பர் மரத்தடியில். மாசியிலும் பங்குனியிலும் மரங்கள் இலை கொட்டியது உனக்குத் தெரியாததா. முன்கண்ணாடிக்குக் கீழே, எஞ்சின் மூடி முடிகிற இடத்தில், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காற்று வர ஒரு வாய் இருக்கிறதே, நம் லோரியில் அதன் மூடி உடைந்து எப்போதும் திறந்தே கிடக்கும். இலையும் குச்சியும் அதற்குள் விழுந்து, மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்துவிட்டன. மழை பெய்தால் தண்ணீர் நேராக உன் அப்பாவின் காலில் கொட்டியது. அவர் லோரியின் கூரைதான் ஒழுகுகிறது என்று சொல்லி மேலே ஏறித் தார் பூசினார், அந்தத் தார் சட்டையில் ஒட்டி, இருந்த ஒரே நல்ல சட்டையும் போயிற்று. காரணம் தெரிந்த பிறகு கைவிட்டு இலையை அள்ளிப் போட்டார், விடிந்தால் மறுபடியும் நிறைந்திருக்கும். சலித்துப்போய், காய்ந்தால் தானே பறந்துவிடும் என்று விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வள்ளியம்மாவின் புருஷனைக் கூட்டிப் போனார்கள், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி ராமகிருஷ்ணன் உன் அப்பாவைக் கூப்பிட்டு, “நல்லசாமி, லோரி ஓடுற வரைக்கும்தான் நீ டிரைவர். நின்னு போச்சுன்னா உன்னையும் சயாமுக்கு ஏத்திருவாங்க லா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது,” என்று சொல்லிவிட்டார். அதட்டிச் சொல்லவில்லை, மனசு கேட்காமல்தான் சொன்னார். அன்றிலிருந்து லோரி இருமினால் நான் வாசலுக்கு ஓடி வந்து பார்ப்பேன்.

பங்குனிக் கடைசியில் நம் லயத்து வரிசை வீட்டு லெட்சுமிக்குப் பிரசவ வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது போலிருக்கிறது, போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். லெட்சுமியை அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார வைத்தோம். அவள் புருஷன் அர்ச்சுனன் பின்னால் கரி மூட்டைகளோடு ஏறிக்கொண்டான். சி ரூசா ஊர் தாண்டி ஒரு மேட்டில் லோரி திணறியது. அப்பா நிறுத்தி, பீப்பாயைத் திறந்து கரி போட்டார். கடல் காற்று வீசிய வீச்சில் ஒரு நெருப்புப் பொறி முன்னால் பறந்து அந்த வாய்க்குள் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் எங்கள் காலடியிலிருந்து குப்புகுப்பென்று புகை வந்தது. லெட்சுமி இருமிக்கொண்டே, “அண்ணே, பிள்ளை மெதுவா வரட்டும், மொதல்ல லோரிய நிப்பாட்டுங்க,” என்றாள்.

நான் அவளைக் கைத்தாங்கலாக இறக்கிப் புல்லில் உட்கார வைத்தேன். காய்ந்த இலை உள்ளே சடசடவென்று எரிகிறது, எஞ்சினுக்குப் போகிற கரண்டுக் கம்பிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகின்றன. அப்பா வெறுங்கையால் இலையை அள்ளி அள்ளி வெளியே வீசினார், கை வேகிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை. என் கையில் இருந்ததோ லெட்சுமிக்காகப் போட்ட ஒரு தூக்குச்சட்டிச் சுக்குத்தண்ணி. யோசிக்க நேரமில்லை, அப்படியே உள்ளே கவிழ்த்தேன். உஸ்ஸென்று ஆவி எழுந்து ரோடு முழுக்கச் சுக்கு மணத்தது. நெருப்பு அடங்கிவிட்டது. கரி மூட்டைகளுக்குப் பின்னால் அசந்திருந்த அர்ச்சுனன் கூச்சல் கேட்டு எழுந்து, புகையையும் ஆவியையும் பார்த்து, பிள்ளை பிறந்துவிட்டது என்று எண்ணிக் குதித்து வந்து ஆணா பெண்ணா என்று கேட்டான். அந்த வலியிலும் லெட்சுமி சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். நல்ல காலம், கம்பிகள் தப்பித்தன, லோரி கிளம்பியது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் சுகம். லெட்சுமி இன்னும் என்னைக் கண்டால் என் சுக்குத்தண்ணி எங்கே அக்கா என்று கேட்கிறாள்.

அப்பாவின் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, இனி இப்படி விடக்கூடாது என்று இருவரும் பேசினோம். முதலில் சாக்குத்துணியைக் கட்டிப் பார்த்தார். இலை நின்றது, காற்றும் நின்றது, உள்ளே அடுப்பங்கரை போலாகிவிட்டது. எனக்குப் பால்மரம் வெட்டிய காலம் நினைவுக்கு வந்தது. வாளி ரப்பர் பாலை ஸ்டோரில் ஊற்றும்போது இலையும் பட்டையும் சல்லடையில் தங்கிவிடும், பால் மட்டும் கீழே இறங்குமே, அந்தச் சல்லடை என்ன ஆயிற்று என்று கேட்டேன். ரப்பர் வாங்க ஆளில்லாமல் ஸ்டோர் பூட்டிக் கிடக்கிறது, பித்தளைச் சல்லடைகள் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தன. கிராணியிடம் கேட்டு வாங்கி வந்தார். அப்பா வெட்டிக் கொடுத்தார், நான் ஓரம் மடித்து, பழைய டயர் டியூபை வார்வாராக நறுக்கி வைத்துத் தைத்தேன், இல்லாவிட்டால் ஓடும்போது கடகடவென்று ஆடும். அதற்குப் பிறகு ஒரு இலைகூட உள்ளே போகவில்லை, காற்றும் ஜிலுஜிலுவென்று வருகிறது.

போன வாரம் ஆள் எடுக்கிறவர்கள் நம் தோட்டத்துக்கும் வந்தார்கள். ஆண்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்தார்கள், அப்பாவும் நின்றார். நான் லயத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிராணி முன்னால் போய், இவர் டிரைவர், தோட்டத்துக்குக் கிழங்கும் உப்பும் கொண்டு வருவதே இவர்தான் என்றார். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அப்பா கரியைக் கிளறி, நெருப்பை ஊதுகிற காற்றாடியைச் சுற்றி, எஞ்சினை முடுக்கினார். முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தது, ஆனாலும் வலை இருந்ததால் ஓட்டை அடைபடவில்லை, தண்ணீர் தேங்கிக் கம்பிகளை நனைக்கவும் இல்லை, லோரி அடங்காமல் உறுமிக்கொண்டு திடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவரை வரிசையிலிருந்து விலகச் சொன்னார்கள். மற்றவர்களில் சிலரைக் கூட்டிப் போய்விட்டார்கள், அந்த வீடுகளுக்கு நானும் லெட்சுமியும் முடிந்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவர்கள் நல்லபடியாகத் திரும்ப வேண்டும்.

அதனால் சொல்கிறேன், மாப்பிள்ளை சிரித்தாலும் சரி, இந்த வலையை அவர் லோரியில் கட்ட வைக்க வேண்டியது உன் பொறுப்பு. இப்போது இலை கொட்டவில்லையே என்று அசட்டையாக இருக்க வேண்டாம், குச்சியும் பூவும் எப்போதும் விழும். வலைமேல் சேருவதைத் தினமும் துடைக்கச் சொல், அது காய்ந்து கிடந்தாலும் ஆபத்துதான். தண்ணீர் ஓட்டையில் கம்பி விட்டுக் குத்திப் பார்க்கச் சொல். கரி போடும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிறுத்தச் சொல். நீயும் கிழங்கை நன்றாக வேகவைத்துச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் இல்லையென்று முடியை வெட்டிவிடாதே.

இதை எழுதுகிற நேரம் உன் அப்பா பசிக்கிறது என்று முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையும் இதேபோல ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து உன் வீட்டுக்கு வந்து, பசிக்கிறது என்று உன்னிடம் கேட்க வேண்டும். நீங்கள் இருவரும் பிள்ளை குட்டிகளோடு நிறைவாக வாழ எங்கள் ஆசீர்வாதம். வலை வந்து சேர்ந்தது என்று பெர்னார்டிடமே ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப மறக்காதே.

உன் பிரியமுள்ள அம்மா,
மயிலம்மாள்