திருக்கை குத்தின தழும்பு

மார்ச் 3, செவ்வாய்

காற்று இல்லை. கடல் தட்டை. கொட்டகையில் சங்கு கழுவியது இரண்டு தொட்டி. கட்டைவிரலில் வெட்டு.

அப்பா பதினோரு மணிக்கே வந்துவிட்டார். நடந்து அல்ல, சூசை மாமாவின் முதுகில். மாமா அம்மாவின் தம்பி, அப்பாவோடு சங்கெடுக்கக் கடலில் முங்குகிறவர். கடலுக்கடியில் அப்பாவுக்கு வலது கால் திடீரென்று மரத்துவிட்டதாம். முங்குகிறவர்களுக்குக் கைகால் வலி வந்தால் மறுபடி கீழே இறக்கி மெதுவாக ஏற்றுவது வழக்கம். மாமாவும் அரை மணி நேரம் இறக்கியிருக்கிறார். குறையவில்லை.

"இன்னொருக்க இறக்கினா சரியாயிரும் அத்தான்."

"இறக்குலே. பொறவு சங்க விட்டுட்டு என்னத் தேடு."

அம்மா ஒத்தடத்துக்கு மணல் வறுத்தாள். நான் பாதங்களைத் தொட்டேன். இடது சூடு. வலது மெழுகுத்திரி நிறம், ஐஸ் மாதிரி. அம்மாவின் கையை இழுத்துத் தொட வைத்தேன். உடனே ஆட்டோ.

மார்ச் 4, புதன்

ஆஸ்பத்திரி. நேற்று மதியமே ஆபரேஷன். காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ஏதோ அடைப்பு. தொடையில் கீறி எடுத்துவிட்டார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கால் தப்பியது. டாக்டரம்மா பாதத்தின் மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அங்கே விரல் வைத்தால் துடிப்பு தெரியும். மணிக்கு ஒருமுறை பார்ப்பது என் வேலை.

"முதுகுல என்ன தழும்பு?"

"திருக்கை மீன் குத்தினது டாக்டரம்மா," என்றார் அப்பா.

பொய். போன வருஷம் திருநெல்வேலியில் கட்டி எடுத்த தழும்பு. கெட்ட கட்டி என்று சீட்டில் இருக்கிறது. மறுபடி வரச் சொன்னார்கள், அப்பா போகவில்லை. தெரிந்தால் முங்க விடமாட்டார்கள். கூடப் போனவள் நான் ஒருத்திதான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம். அம்மாவுக்குக்கூட அது கொழுப்புக் கட்டி.

டாக்டரம்மா மூன்று தடவை வார்டுக்கு வந்தார். மூன்று தடவையும் நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

நேரில் சொல்ல வாய் வராது; எழுதிக் கொடுக்கலாம். எனக்கு எழுதத் தெரிந்தது லீவு லெட்டர்தான். அனுப்புநர், பெறுநர். பொருள்: அப்பாவின் முதுகில் குத்தியது திருக்கை இல்லை. முடிவில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி'. எட்டாம் வகுப்போடு நின்றவள் எப்படி மாணவி? அடித்துவிட்டு 'மகள்' என்று போட்டேன். பழைய சீட்டு இந்த நோட்டுக்குள்தான் இருந்தது. இரண்டையும் கேஸ் ஷீட்டில் சொருகினேன். சத்தியம் போயிற்று.

மார்ச் 5, வியாழன்

இட்லி. சாம்பார் வெறும் தண்ணீர்.

"லெட்டர் எழுதின புள்ள யாரு?" டாக்டரம்மா. வார்டே திரும்பியது. நான் கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினேன். செருப்பு காலில்தான் கிடந்தது.

எக்கோ எடுத்தார்கள். திரையில், இதயத்தின் இடது பக்கத்தில் ஒரு உருண்டை. ஒவ்வொரு துடிப்புக்கும் பாசி மாதிரி ஆடியது. முதுகுக் கட்டியிலிருந்து ரத்தத்தோடு போய் அங்கே முளைத்ததாம். அதில் பிய்ந்த துணுக்குதான் காலை அடைத்தது. அடுத்தது மூளைக்குப் போகலாம். அதற்குள் மதுரைக்குப் போய் எடுத்துவிட வேண்டும்.

"நல்ல வேளை, முத துணுக்கு கால்ல நின்னுச்சு," என்றார் டாக்டரம்மா.

அம்மா அப்பாவைத் திட்டிக்கொண்டே சோறு ஊட்டினாள். அப்பா என்னைப் பார்க்காமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் மணி ஆனதும் வலது காலை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டினார்.

துடிப்பு இருந்தது.

மார்ச் 28, சனி

வீடு. நல்ல வெயில். அம்மா நெத்திலி வாங்கப் போயிருக்கிறாள்.

மதுரையில் நெஞ்சைத் திறந்து எடுத்தாயிற்று. எலுமிச்சை அளவு. மருந்து ஊசி ஆறு தடவை பாக்கி. மறுபடி வருமா என்று அப்பாவே டாக்டரிடம் கேட்டார். வரலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவே காலண்டரில் வட்டம் போட்டார். இனி முங்கக் கூடாது. உடம்பு தேறினால் படகிலிருந்து, முங்குகிறவர்களுக்குக் காற்றுக்குழாய் பிடிக்கும் வேலை.

பெருக்கல் குறி அழிந்துவிட்டது. விரல் தானாக அங்கே போகிறது.

சூசை மாமா வந்தார். நெஞ்சுத் தையலை எட்டிப் பார்த்து, "இதும் திருக்கையா அத்தான்?"

"இது சுறாலே. எம்மகட்ட கேளு, எழுதித் தருவா."

நான் எழுதவில்லை. வாயாலேயே சொன்னேன். "சுறா இல்ல மாமா. கட்டி."