ரிப்போர்ட்டுக்குக் குணமாகிவிட்டது, மதினி

மதினி,

இன்று காலை மருந்துக் கடையில் சண்டை போட்டேன். நான் வழக்கமாக வாங்கும் தைராய்டு மாத்திரைக் குப்பியில் நீல லேபிள் இருக்கும். இன்று கடைக்காரர் பச்சை லேபிளை எடுத்து வைத்தார். "அது வரல சேச்சி. கம்பெனி மட்டும்தான் வேற. மருந்து ஒண்ணுதான்." மூடியைத் திறந்தேன். உள்ளே அடைத்திருந்த பஞ்சிலிருந்து அந்த மக்கிய வாசனை வந்தது. அதை முகர்ந்தாலே நீங்கள் மூக்கைச் சுருக்குவீர்கள். "கம்பெனி மாறுனா எனக்கு உடம்பு ஒரு மாசத்துக்கு ஏறுமாறா இருக்கும்" என்றேன். கடைக்காரர் சிரித்தார். பின்னால் நின்றவர் பொறுமையிழந்து செருமினார். கடைசியில் அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஜீப் ஏறி, சித்திரபுரம் வரை உங்களோடு பேசிக்கொண்டே வந்தேன். ஜீப்பில் யாராவது பார்த்திருந்தால் என் உதடு அசைவது தெரிந்திருக்கும்.

அண்ணனுக்கு வாக்கப்பட்டு எங்கள் டீத்தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தபோது, கொழுந்தெடுப்பில் உங்களுக்கு ஈடு கிடையாது என்பார்கள். சின்னவள் பிறந்த பிறகுதான் கால் கனக்க ஆரம்பித்தது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குரல் கட்டிக்கொண்டது. மற்றவர்கள் வியர்த்து நிற்கும்போது நீங்கள் மட்டும் ஸ்வெட்டரோடு நின்றீர்கள். "பிள்ளையப் பெத்துட்டா ராணியாயிருவாளுகளோ" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டார். ரத்தம் பரிசோதித்து தைராய்டு என்று சொன்ன அன்று உங்களுக்கு வந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. "நோவுக்கு ஒரு பேரு கெடச்சிருச்சு புள்ள. இனிமே எவளும் என்னையச் சோம்பேறின்னு சொல்ல முடியாது" என்றீர்கள்.

அந்தப் பேர் உங்களைக் காப்பாற்றவில்லை.

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, பிறகு ஒரு மணி நேரம் டீ கூடாது என்றார்கள். டீத்தோட்டத்துப் பெண்ணிடம்! இருட்டிலேயே எழுந்து வீட்டில் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நீங்கள் மட்டும் தலைவலியோடு அடுப்படியில் நிற்பீர்கள். ஒரு மணி நேரம் முடிவதற்குள் வேலைக்கு ஓட வேண்டியிருக்கும். பல நாள் மாத்திரையை விழுங்கிய கையோடு டீயையும் குடித்துவிட்டுப் போனீர்கள். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு ஏறியிருந்தது.

"மருந்து ஒழுங்கா சாப்பிடுறதில்ல, அல்லே?" என்று டவுன் ஆஸ்பத்திரி மலையாள டாக்டர் அதட்டினார். நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள்: "காலையில தோதுப்படல டாக்டர். ராத்திரி படுக்கப் போகும்போது போட்டுக்கிடட்டா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "அது பற்றில்ல. காலையிலதான்."

ஏன் முடியாது என்று அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் கேட்டீர்கள், ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். நீங்களும் டீயைத் தள்ளிப்போடப் பழகிக்கொண்டீர்கள். தலைவலியோடே மலை ஏறினீர்கள். அளவு இறங்கியது. "நார்மல்" என்று ரிப்போர்ட்டை நீட்டினார் டாக்டர். ஆனால் கால் கனம் குறையவில்லை, குளிர் விடவில்லை. சொன்னால், "நார்மல் ஆயாச்சு, இனி மனசுதான் காரணம்" என்று அடுத்த ஆளை அழைத்தார். வீட்டில் அண்ணன், "அதான் சரியாயிருச்சுன்னுட்டாகளே, பெறகென்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார். நீங்கள் என்னைப் பார்த்து, "ரிப்போர்ட்டுக்குக் குணமாயிருச்சு புள்ள, எனக்குத்தான் ஆகல" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு எனக்கும் அதே நோய் வந்தது. ஹோம்ஸ்டே சமையல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உங்களோடு சேர்ந்து வரிசையில் உட்கார ஆரம்பித்தேன். மழைக்காலம் தொடங்கியபோதுதான் நீங்கள் வேறு மாதிரிச் சொல்ல ஆரம்பித்தீர்கள். சரிவில் ஏறினால் மூச்சு வாங்கியது. சாயங்காலம் செருப்பு காலில் நுழையவில்லை. படுத்தால் இருமல் வந்தது.

"இது பழைய நோவு இல்ல டாக்டர். இது வேற. நெஞ்சு மேல கொழுந்துச் சாக்க ஏத்தி வச்ச மாதிரி இருக்கு" என்று நீங்கள் தெளிவாகச் சொன்னீர்கள். அதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்வது?

"தைராய்டு உள்ளவங்களுக்கு இப்படியெல்லாம் வரும். அளவு கொஞ்சம் கூடியிருக்கு. டோஸ் கூட்டித் தர்றேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "நெஞ்சுக்கு ஒரு இசிஜி எடுத்துப் பாக்கலாமா டாக்டர்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்களும் தைராய்டு பேஷன்ட் இல்லையா?" என்று சிரித்தார். நர்ஸும் சிரித்தார். உடம்பு நன்றாக இல்லை என்று சொன்னபோது நோய் இல்லை, மனசு என்றார்கள். வேறு நோய் வந்திருக்கிறது என்று சொன்னபோது எல்லாமே தைராய்டு என்றார்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் அவர்களிடம் பதில் முன்னாலேயே இருந்தது மதினி.

ஓணம் கழிந்த வாரம், தேயிலைக் காட்டில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது உட்கார்ந்தீர்கள். களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது சரிந்து கிடந்தீர்கள். ஜீப் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் பல மாதமாகவே பலவீனப்பட்டு வந்திருக்கும் என்று அங்கே டூட்டியில் இருந்த வேறொரு டாக்டர் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது, வாசலில் ஒருத்தி மற்றவளிடம், "தைராய்டுல போயிட்டாளாம்" என்றாள். எனக்கு அழுகை நின்றுபோனது. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து பிடுங்க வேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகு நான் அடிமாலியில் ஒரு பெண் டாக்டரிடம் மாறிவிட்டேன். முதல் நாளே ராத்திரி விஷயத்தைக் கேட்டேன். "தாராளமா. ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுப் போடுங்க. தினமும் அதே மாதிரி போடணும், அவ்வளவுதான்" என்றார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கண்ணில் நீர் நிறைந்து நின்றது, கோபத்தில். இவ்வளவு லேசான ஒரு பதிலுக்காகவா நீங்கள் அத்தனை வருஷம் கெஞ்சினீர்கள்? வெளியே காத்திருந்த அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் என் கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கி மடித்தார். பிறகு, "அவகிட்ட எப்பிடி இருக்குன்னு நானும் ஒரு நாளு கேக்கல தாயி" என்றார். நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை.

போன வாரம் டீ ஃபேக்டரியில் வேலை செய்யும் செல்விக்குத் துணையாக உங்கள் பழைய டாக்டரிடம் போனேன். அவள் தூக்கமில்லை, படபடப்பு என்று ஆரம்பித்தாள். "நார்மல்" என்று அவர் ரிப்போர்ட்டை நீட்டியதும் எழுந்துவிட்டாள். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"இன்னும் அவ சொல்லல டாக்டர்."

"வெளியே ஆள் நிக்குது."

"நிக்கட்டும் டாக்டர். இவ சொல்லட்டும்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். செல்வி சொன்னாள், முழுவதும் சொன்னாள். இசிஜிக்கு எழுதிக் கொடுத்தார். எழுதும்போது என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்றார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உங்களையும் ஞாபகம் இருக்காது.

"பக்கத்து லயம்" என்றேன்.

இப்போது லயத்தில் எனக்குச் சண்டைக்காரி என்று பேர் வைத்திருக்கிறார்கள், மதினி. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் முந்தின நாளே வந்து, "நீ கூட வாரியாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். கோபம் ஆறவில்லை. ஆறாமலே இருக்கட்டும். நாளைக்கும் ஒருத்தி வரச் சொல்லியிருக்கிறாள்.